வரப்போகும் ‘ரூன்டெரா’ இணைய விளையாட்டு: பிள்ளைகளின் எதிர்பார்ப்பும் பெற்றோரின் கவலையும்

நம் வீட்டுப் பிள்ளைகளில் கம்ப்யூட்டரில் விளையாடுபவர்களுக்கு ‘ரயட் கேம்ஸ்’ என்ற பெயர் நன்றாகவே தெரியும். ‘வாலரண்ட்’, ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆகிய விளையாட்டுகளை வெளியிட்ட நிறுவனம் அது. 2006-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கப்பட்டது. இன்று சீனாவின் டென்சென்ட் குழுமத்துக்குச் சொந்தமானது. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ கதைகள் நடக்கும் கற்பனை உலகத்துக்கு ‘ரூன்டெரா’ என்று பெயர். அந்த உலகத்தைக் களமாக வைத்து, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து ஆடும் புதிய விளையாட்டு ஒன்றைத் தயாரிப்பதாக 2020 டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது.

2023-ல் அதை வழிநடத்தி வந்த கிரெக் ஸ்ட்ரீட் நிறுவனத்திலிருந்து விலகினார். 2024 மார்ச்சில், பணிகளின் திசையையே மாற்றி மீண்டும் தொடங்கியிருப்பதாகவும், சில ஆண்டுகளுக்குப் புதிய செய்தி எதுவும் வராது என்றும் நிறுவனர்களில் ஒருவரான மார்க் மெரில் தெரிவித்தார். வெளியீட்டுத் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் ஆர்வம் குறையவில்லை. இளைஞர்கள் காத்திருக்கிறார்கள்.

அவர்கள் காத்திருக்கும் இந்தக் காலம் நமக்கும் கிடைத்திருக்கும் அவகாசம். விளையாட்டு வீட்டுக்குள் வந்த பிறகு பிள்ளையோடு சண்டை போடுவதை விட, வருவதற்கு முன்பே அதை அறிந்துகொண்டு, வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வருவது நல்லது. அதற்கு உதவும் விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இது எந்த வகை விளையாட்டு?

இந்த வகையை ஆங்கில முதலெழுத்துகளால் ‘எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி.’ என்பார்கள். பெருந்திரளானோர் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு என்று பொருள். ஆடுபவர் முதலில் தனக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்வார். அதற்குப் பெயர், முகம், உடை, ஆயுதம், திறமை எல்லாம் உண்டு. அந்தப் பாத்திரம் பணிகளை முடிக்க முடிக்க ‘லெவல்’ உயரும்.

செல்போனில் ஆடும் சாதாரண விளையாட்டுக்கும் இதற்கும் மூன்று வேறுபாடுகள் உள்ளன. முதலாவது, இதற்கு முடிவு கிடையாது. ஒரு கதை முடிந்தால் அடுத்த கதை சேர்க்கப்படும். இரண்டாவது, நாம் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அந்த உலகம் இயங்கிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, கடினமான கட்டங்களைத் தனியாக வெல்ல முடியாது. கூட்டாகத்தான் வெல்ல முடியும்.

இந்த வகை புதிதல்ல. 1997-ல் ‘அல்டிமா ஆன்லைன்’, 1998-ல் கொரியாவின் ‘லினியேஜ்’, 1999-ல் ‘எவர்க்வெஸ்ட்’ ஆகியவை வந்தன. 2004 நவம்பரில் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2010-ல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களைத் தாண்டியது. 2001-ல் தொடங்கிய ‘ரூன்ஸ்கேப்’ இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இருபது ஆண்டுகளாக ஒரே விளையாட்டை ஆடிவருபவர்கள் உலகில் இருக்கிறார்கள். எனவே இது ஒரு சீசனில் வந்து போகும் மோகம் அல்ல.

பிள்ளைகளை ஈர்ப்பது எது?

இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். சண்டையும் வண்ணமும் மட்டும் அவர்களை ஈர்க்கவில்லை. தோழமையும், திட்டமிடுதலும், ‘நீ இல்லாமல் எங்களால் முடியாது’ என்று நால்வர் சொல்லும் மதிப்பும் அங்கே கிடைக்கின்றன. பள்ளியில் பேசக் கூச்சப்படும் பிள்ளை அங்கே குழுவுக்குத் தலைவனாக இருப்பான்.

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து, 2014-ல் தம் 25-வது வயதில் இறந்தார். மகன் நண்பர்கள் இல்லாமல் தனிமையில் வாழ்ந்து போய்விட்டான் என்றே பெற்றோர் எண்ணியிருந்தனர். மரணச் செய்தியை அவருடைய வலைப்பக்கத்தில் அறிவித்தபோதுதான், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ மூலம் அவருக்குப் பல நாடுகளில் நண்பர்கள் இருந்ததும், அவர்களில் பலருக்கு அவர் ஆறுதலாக இருந்ததும் தெரிய வந்தது. 2024-ல் இது ஆவணப்படமாகவும் வந்தது.

இதில் பெற்றோருக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. இத்தகைய விளையாட்டில் உருவாகும் உறவுகள் உண்மையானவையாக இருக்க முடியும் என்பது ஒன்று. ஒரே வீட்டில் வாழ்ந்தும் பிள்ளையின் உலகம் பெற்றோருக்குத் தெரியாமலேயே போகலாம் என்பது மற்றொன்று.

மார்க்கத்தில் விளையாட்டின் இடம்

விளையாட்டு என்றாலே ஹராம் என்று சொல்வது நம் மார்க்கம் அல்ல. பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு காட்டியதை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்கவும் வழி செய்தார்கள். ஆயிஷா (ரலி) சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்தப் பொம்மைகளில் இறக்கை வைத்த குதிரை ஒன்றும் இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அவர்கள் பதில் சொல்ல, நபியவர்கள் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. குழந்தையின் கற்பனை மார்க்கத்துக்கு எதிரி அல்ல என்பதற்கு இது போதிய சான்று.

அதே நேரத்தில் பகடையை வைத்து ஆடுவதை நபியவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். சதுரங்கத்தைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பந்தயம் இல்லாவிட்டால் மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. ஹனஃபி மத்ஹபில் அதைவிடக் கடுமையான சட்டம் சொல்லப்படுகிறது. ஃபுகஹாக்கள் விளையாட்டை எடை போட்ட விதம் இதிலிருந்து தெரிகிறது. பெயரைப் பார்த்து அவர்கள் தீர்ப்பு சொல்லவில்லை. கடமையைத் தடுக்கிறதா, சூது கலந்திருக்கிறதா, பாவத்துக்கு இட்டுச் செல்கிறதா, நேரத்தையும் பொருளையும் வீணாக்குகிறதா என்று பார்த்தார்கள். இதே அளவுகோல்களைத்தான் வரப்போகும் விளையாட்டுக்கும் நாம் வைக்க வேண்டும்.

முதல் கவலை: தொழுகையும் தூக்கமும்

இந்த வகை விளையாட்டில் ‘ரெய்டு’ என்ற ஒன்று உண்டு. ஒரு குழுவினர் குறித்த நேரத்தில் கூடி, பெரிய எதிரி ஒன்றை வீழ்த்த மணிக்கணக்கில் போராடுவார்கள். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ தொடங்கிய காலத்தில் இதற்கு 40 பேர் வேண்டும். இன்று அதன் மிகக் கடினமான நிலைக்கு 20 பேர் வேண்டும். நடுவில் ‘பாஸ்’ போட்டு நிறுத்த வழியில்லை. ஒருவர் எழுந்து போனால் மற்றவர்கள் அனைவரும் தோற்பார்கள்.

இஷாவுக்கு பாங்கு சொல்லும்போது நம் பையன் எழுந்து வராததற்கு இது ஒரு காரணம். பெற்றோர் அதைப் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். அவனோ 19 பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். வாக்கைக் காப்பாற்றுவது நாம் சொல்லிக் கொடுத்த நற்குணம்தான். அந்த நற்குணமே தொழுகைக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. ஆகவே ‘உடனே அணை’ என்று கத்துவதை விட, ‘எத்தனை மணிக்கு ஆடுவதாக ஒத்துக்கொண்டாய்?’ என்று முன்கூட்டியே கேட்பது பலன் தரும். தொழுகை நேரம் குறுக்கிடாத வேளைக்கு மட்டும் ஒத்துக்கொள்ள அவனைப் பழக்க வேண்டும். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை அல்குர்ஆன் (4:103) தெளிவாக்குகிறது. அல்லாஹ்வுக்கு நாம் கொடுத்த வாக்குதான் எல்லா வாக்குகளுக்கும் முந்தியது என்பதை அவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

அடுத்தது தூக்கம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களோடு சேர்ந்து ஆடினால், அவர்களுடைய மாலை நேரம் நமக்கு நள்ளிரவு அல்லது விடியற்காலை. இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் விரும்பவில்லை என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஃபஜ்ரைக் காக்கும் ஏற்பாடு முந்தைய இரவிலேயே தொடங்குகிறது.

உலக சுகாதார அமைப்பு ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதை நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. அது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முக்கியம் ஆகிவிடுவது, பாதிப்பு வந்த பிறகும் தொடர்வது ஆகிய மூன்றும் வழக்கமாக 12 மாதங்கள் நீடித்தால்தான் அது நோய். விடுமுறையில் நான்கு நாள் அதிகம் ஆடிய பிள்ளையை நோயாளி என்று முத்திரை குத்த வேண்டாம்.

இரண்டாவது கவலை: பணம்

புதிய விளையாட்டின் கட்டண முறை அறிவிக்கப்படவில்லை. ஆனால் அந்நிறுவனத்தின் இப்போதைய விளையாட்டுகள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆடுவது இலவசம், பாத்திரத்துக்குப் போடும் ‘ஸ்கின்’ எனப்படும் அலங்காரத்துக்குப் பணம். 2024-ல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டில் ஒரு பாத்திரத்துக்கான அலங்காரத் தொகுப்பு ஏறக்குறைய 500 டாலருக்கு விற்கப்பட்டது. ஆடுபவர்களே அதைக் கண்டித்தார்கள். பின்னர் குலுக்கல் முறையும் வந்தது. பணம் கட்டிக் குலுக்க வேண்டும். விரும்பிய பொருள் வரலாம், வராமலும் போகலாம்.

மார்க்கப் பார்வையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விலையும் பொருளும் தெரிந்து வாங்குவது வியாபாரம். அந்தப் பொருள் ஆகுமானதாக இருந்தால் கொடுக்கல் வாங்கல் கூடும். ஆனால் வீண்விரயம் என்ற கேள்வி அங்கே எழும். விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அல்குர்ஆன் (17:27) எச்சரிக்கிறது. காசைக் கொடுத்துவிட்டு என்ன வரும் என்று தெரியாமல் குலுக்குவதோ வேறு விஷயம். அது ‘கரர்’ எனும் நிச்சயமற்ற வியாபாரத்திலும் ‘மைஸிர்’ எனும் சூதிலும் சேரும் என்று சமகால அறிஞர்கள் பலர் கூறுகிறார்கள். சூதை மதுவோடு சேர்த்தே அல்குர்ஆன் (5:90) தடுத்துள்ளது. ஐந்து ரூபாய்க் குலுக்கலுக்கும் ஐயாயிரம் ரூபாய்க் குலுக்கலுக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை.

சிறுவர்கள் வாங்குவதைப் பற்றியும் ஒரு சட்டம் உண்டு. பருவமடையாத பிள்ளை செய்யும் கொடுக்கல் வாங்கல் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. ஹனஃபி மத்ஹபில், விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் பொறுப்பாளரின் அனுமதியைப் பொறுத்தது. இரண்டு மத்ஹபுகளிலும் பெற்றோருக்குத் தெரியாமல் அவர்கள் கணக்கிலிருந்து பணம் போகக் கூடாது.

‘ஐடி’ விற்பது இன்று பையன்களிடையே பரவலாக உள்ளது. லெவல் ஏற்றிய கணக்கை இன்னொருவருக்குப் பணத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு நமக்குச் சொந்தம் அல்ல. பயன்படுத்த மட்டுமே அனுமதி, விற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டுதான் உள்ளே நுழைகிறோம். ஒப்புக்கொண்ட நிபந்தனையை மீறுவது முஸ்லிமுக்கு அழகல்ல. பணத்தைக் கொடுத்துவிட்டு ஏமாந்தவர்கள் புகார் செய்யவும் கூச்சப்படுகிறார்கள்.

மூன்றாவது கவலை: கதையும் காட்சியும்

ரூன்டெரா மாயமந்திரங்கள் நிறைந்த உலகம். அதில் தெய்வங்களாகக் காட்டப்படும் பாத்திரங்கள் உண்டு. இறந்தவர்களை எழுப்பும் சூனியம் உண்டு. பெண் பாத்திரங்கள் பலரின் உடை நம் வீட்டில் பார்க்கத் தகுந்ததல்ல. கதையில் ஒரு பாத்திரம் மந்திரம் செய்வதை ‘இது கற்பனை’ என்று அறிந்து பார்ப்பது ஒன்று. ஆடுபவரே தன் பாத்திரத்தைக் கொண்டு ஒரு சிலைக்கு வணக்கம் செலுத்துவது வேறொன்று. முதலாவதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவதிலிருந்து விலகுவதே ஈமானுக்குப் பாதுகாப்பு.

2020 ஜூனில் ‘பப்ஜி’ விளையாட்டில் இப்படியொன்று நடந்தது. காட்டில் உள்ள சிலை ஒன்றின் முன் பாத்திரம் வணங்குவது போல் நின்றால் பலம் கூடும் என்று ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. அரபு நாட்டு முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தச் செயலை நீக்கியது. நாம் அமைதியாக, காரணத்தோடு எதிர்ப்பைச் சொன்னால் கேட்கப்படுகிறது என்பதற்கும் இது உதாரணம்.

நான்காவது கவலை: அந்நியரும் அந்தரங்கமும்

‘வாய்ஸ் சாட்’ மூலம் பிள்ளை யாரோடும் பேச முடியும். எதிர்முனையில் இருப்பவர் 14 வயதுச் சிறுவனா, 40 வயது ஆளா என்று தெரியாது. ஆண், பெண் வரம்பும் அங்கே இல்லை. கெட்ட வார்த்தைகள் சர்வ சாதாரணம். வாரக்கணக்கில் சேர்ந்து ஆடி நம்பிக்கை பெற்ற ஒருவர் போட்டோ கேட்டால், வேறு செயலிக்கு அழைத்தால், பிள்ளைக்கு மறுக்க மனம் வராது. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஆபத்து என்று இதை எண்ணிவிட வேண்டாம்.

ரயட் நிறுவனம் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்க ‘வேன்கார்ட்’ என்ற மென்பொருளை வைத்திருக்கிறது. அது கம்ப்யூட்டரின் மிக ஆழமான அடுக்கில் இயங்குவது. 2020-ல் ‘வாலரண்ட்’ விளையாட்டோடு வந்தது. 2024-ல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டிலும் சேர்க்கப்பட்டது. ஆகவே கடைக் கணக்கும் வங்கி விவரமும் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இத்தகைய விளையாட்டை ஏற்றாமல் இருப்பது நல்லது.

சட்டம் எவ்வளவு காக்கும்?

சீனா 2021-ல் 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று ஆக்கியது. தென்கொரியா 2011-ல் 16 வயதுக்குட்பட்டோருக்கு நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை தடை விதித்தது. பிள்ளைகள் அந்தத் தடைக்குள் வராத செல்போன் விளையாட்டுக்கு மாறிவிட்ட நிலையில், பத்து ஆண்டுகள் கழித்து அதை நீக்கியது. அமெரிக்காவில் ‘ஃபோர்ட்நைட்’ நிறுவனம், சிறுவர்களின் தகவல்களைத் திரட்டியதற்கும் தந்திரமாகப் பணம் செலவழிக்க வைத்ததற்கும் 2022-ல் 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பணப் பந்தயம் இல்லாதவற்றைத் தடை செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2025-ல் வந்த நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரையிலான தடையும் பணம் கட்டி ஆடுபவற்றுக்கு மட்டுமே. ஆகவே நம் வீட்டுப் பிள்ளை இரவு 2 மணி வரை பாத்திர விளையாட்டு ஆடுவதைத் தடுக்கச் சட்டம் வராது. ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி இங்கே நேராக நம்மை நோக்கியே வருகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. விளையாட்டு வருவதற்கு முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். ‘இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது?’ என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

2. பள்ளிப் பருவத்தினருக்கு நாள், மணி இரண்டையும் எழுதி வையுங்கள். மஃரிப் முதல் இஷா வரை ஆட்டம் இல்லை, இஷாவுக்குப் பிறகு ரெய்டு இல்லை என்ற இரண்டு விதிகளே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

3. கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கட்டும். கதவு மூடிய அறையில் வேண்டாம்.

4. யு.பி.ஐ. பின், கார்டு எண், ஓ.டி.பி. ஆகியவற்றைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி போனில் அமைத்து வையுங்கள். குலுக்கலுக்குப் பணம் இல்லை என்பதை மார்க்கக் காரணத்தோடு சொல்லுங்கள்.

5. சொந்தப் பெயர், பள்ளி, ஊர், போட்டோ ஆகியவற்றைப் பகிரக் கூடாது. ‘வாய்ஸ் சாட்’ தெரிந்த நண்பர்களோடு மட்டும் இருக்கட்டும்.

6. யாராவது மிரட்டினாலோ தவறாகப் பேசினாலோ பயமில்லாமல் சொல்லும் இடமாக அத்தாவும் அம்மாவும் இருக்க வேண்டும். ‘சொன்னால் விளையாட்டையே பிடுங்கிவிடுவார்கள்’ என்ற பயம்தான் பிள்ளைகளின் வாயை மூடுகிறது. சிறுவர் உதவிக்கு 1098, இணையக் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்கள் உள்ளன.

7. கட்டுப்பாடு மீறிவிட்டது என்று தெரிந்தால் ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல் மருத்துவ உதவியும் நாடுங்கள். ‘டெலி மானஸ்’ என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

8. மாற்று இல்லாத தடை நிற்காது. கால்பந்து, நீச்சல், சைக்கிள், மஹல்லா நூலகம் என்று பிள்ளைகள் கூடுவதற்கு ஜமாஅத்தும் ஏற்பாடு செய்ய வேண்டும். இணையத்தில் அவர்கள் தேடும் தோழமை பள்ளிவாசல் முற்றத்தில் கிடைத்தால் பாதிக் கவலை தீரும்.

முடிவாக, மேலே சொன்ன அளவுகோல்களின்படி பார்த்தால், தொழுகையைக் கெடுக்காமல், சூது கலக்காமல், சிலை வணக்கமும் ஆபாசமும் இல்லாமல், அளவோடு ஆடப்படும் விளையாட்டை ஹராம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. வரப்போவது அந்த நிபந்தனைகளுக்கு உட்படுமா என்பதை வந்த பிறகு பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதுவரை, பிள்ளை காத்திருக்கும் விளையாட்டின் பெயரையாவது தெரிந்து வைத்திருப்போம். அவனோடு பேச அது ஒரு வாசல்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், தொழுகையை நிலைநாட்டுபவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.